இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போன நேரம்

1

இந்த முறை எங்கள் வீட்டில் சித்திரை வருடப்பிறப்பை, வருடம் பிறக்க ஒரு மணித்தியாலம் முன்பே கொண்டாடி முடித்துவிட்டோம். மூலிகை அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி, பொங்கிப் படைத்து, கைவிசேஷக் காசும் கொடுத்தாயிற்று. ஐந்து வயது மகன் அகிலன் புது நோட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மேலும் பொங்கல் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரம் ரெலிபோன் அடித்தது. லண்டனின் மறுகோடியில் இருக்கிற என் அண்ணை.

"என்ன பிள்ளை, முழுகிட்டீங்களோ?"

"முழுகி, பொங்கி, கைவிசேஷமும் குடுத்திட்டம் அண்ணை."

"ஆருக்குக் குடுத்தனீ? வருசம் இன்னும் பிறக்கேல்லை!"

"இல்லை அண்ணை, நான் கொம்பியூட்டரிலை போட்டு எடுத்தனான்."

"ஓகோ. போன மாசம் இந்த நாட்டிலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவங்கள். அதை உன்ரை கொம்பியூட்டருக்கு ஆரும் சொல்லேல்லையோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிர்காலத்தில் ஊர் நேரத்துக்கும் லண்டன் நேரத்துக்கும் இடையில் ஐந்தரை மணித்தியாலம். கோடைக்கு மணிக்கூட்டை மாற்றினால் நாலரை. இரண்டு பஞ்சாங்கத்திலும் உள்ள ஊர் நேரத்தைக் கொடுத்தால் இரண்டுக்கும் லண்டன் நேரத்தைச் சொல்லும் ஒரு சின்ன நிரலை, நூல்நிலைய வகுப்பில் படித்துக்கொண்டு நானே எழுதியிருந்தேன். யாரும் சொல்லித்தராமல் நான் எழுதிய முதலாவது நிரல் அது. அதில் ஐந்தரையை மட்டும்தான் போட்டிருந்தேன்.

"பரவாயில்லை, போன வருசத்துக் கைவிசேஷம் ரெண்டாந்தரம் குடுத்தது எண்டு நினைச்சுக்கொள்" என்று அண்ணை சிரித்தார். நோட்டைத் திரும்ப வாங்கி, வருடம் பிறந்த பிறகு முறையாகக் கொடுப்போம் என்று பார்த்தேன். அகிலன் பையைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டான்.

இதைப் பகிடியாக எழுதி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஊரில் கடதாசித் தட்டுப்பாட்டால் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வரும் உங்கள் இதழை நாங்கள் இங்கே கைமாற்றி வாசிக்கிறோம். அதில் வீணாக இடம் பிடிக்க மனம் வரவில்லை. ஆனால் இந்தப் பிழைதான் சில கிழமைகளுக்குப் பிறகு என்னை நான் நினைத்தே பார்க்காத ஒரு கதிரையில் கொண்டுபோய் இருத்தியது. கணிதம் படித்த பிள்ளைகளுக்கு லண்டனில் என்ன வழி என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கும் இதில் ஏதாவது பயன் இருக்கலாம். அதனால் முழுக்கவே சொல்லிவிடுகிறேன்.

2

நான் சண்டிலிப்பாய்ப் பிள்ளை. கம்பஸில், அதாவது ஊர்ப் பல்கலைக்கழகத்தில், கணிதம் படித்து, 1987இல் முடித்தேன். கலியாணம் முடிந்து இவர், என் கணவர், முதலில் லண்டன் வந்தார், பிறகு நான் வந்தேன். அகிலன் இங்கே பிறந்தவன். இவருக்குத் தபால் பிரிக்கும் இடத்தில் பின்னேர வேலை.

எனக்கு, வங்கிகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதியில், ஒரு வங்கியின் இரண்டாம் மாடியில் எழுத்து வேலை. ஐந்தாம் மாடியில் உள்ளவர்கள் ரெலிபோனில் வாங்குவார்கள், விற்பார்கள். மற்ற வங்கியிலிருந்து அதை உறுதிப்படுத்திக் கடதாசி வரும். அவர்களுடைய கடதாசியும் எங்களுடைய கடதாசியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒத்துப்போனால் ஒரு சரி போடுவேன். ஒத்துப்போகாவிட்டால் மேலே கொண்டுபோய்க் கேட்கவேண்டும்.

போன வருடம் ஒரு நாள் அப்படி ஒத்துப்போகாத கடதாசியோடு மேலே போனேன். தேடிப்போன ஆள் மேசையில் இல்லை. மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. அதில் பச்சை மையில் ஒரு சமன்பாடு. ஒரு பக்கம் நேரத்தைக் குறித்து ஒருதரம் வகையிட்டது, மறுபக்கம் இரண்டுதரம் வகையிட்டது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. இரும்புக் கோலின் ஒரு நுனியைச் சூடாக்கினால் அந்தச் சூடு எப்படி மறுநுனிக்குப் பரவும் என்று சொல்லுகிற சமன்பாடு அது. கம்பஸில் படித்தபோது மேலே ஹெலிகொப்டர் சுற்றிக்கொண்டிருந்தது. விரிவுரையாளர் நிறுத்தவில்லை. அவர் சொன்ன 'ஆகவே' எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. கரும்பலகையைப் பார்த்து நாங்களே ஆகவே போட்டுக்கொண்டோம்.

"இங்கே யார் இரும்பைச் சூடாக்குகிறார்கள்?" என்று என்னையறியாமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த மேசைக்காரர்தான், பீற்றர். கையில் கோப்பிக் குவளை.

"பௌதிகக்காரர் எல்லாரும் முதல் நாள் இதைத்தான் கேட்பார்கள். சூடாவது இரும்பு இல்லை, விலை" என்றார். பிறகு, "நீ இரண்டாம் மாடியில் என்ன செய்கிறாய்?" என்று கேட்டார்.

கடதாசி ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன் என்றேன். பிழையாக ஏதும் சொல்லிவிட்டேனோ என்று படியிறங்கும்போது பயமாக இருந்தது. ஆனால் கீழே வந்து கதிரையில் இருந்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி, சம்பளம் கூடிவிட்டதா என்று கேட்டாள்.

3

பீற்றர் பிறகு சாப்பாட்டு நேரத்தில் எனக்கு விளக்கியதை எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன்.

புகையிலை தோட்டத்தில் நிற்கும்போதே வியாபாரி வந்து விலை பேசி அச்சாரம் கொடுத்துவிட்டுப் போவார் அல்லவா? வெட்டுகிற நேரம் சந்தையில் விலை ஏறியிருந்தால், பேசின விலைக்கு எடுத்துக்கொண்டு போவார். விலை விழுந்திருந்தால் அந்த ஒழுங்கைப் பாதைப் பக்கமே தலை காட்டமாட்டார். அச்சாரம் தோட்டக்காரருக்குப் போய்விடும். அப்படியானால் அந்த அச்சாரம் எவ்வளவாக இருந்தால் இரண்டு பேருக்கும் நியாயம்? எங்கள் ஊரில் அதை ஆளையும் வானத்தையும் பார்த்து முடிவு செய்வார்கள். இங்கே புகையிலைக்குப் பதில் டொலர், யென், வட்டி, பங்கு. அச்சாரத்தைக் கணிக்க அந்த இரும்புக் கோல் சமன்பாடு. நாளைக்கு விலை எங்கே போகும் என்று அது சொல்லாது. எவ்வளவு தூரம் பரவக்கூடும் என்றுதான் சொல்லும், சூடு பரவுகிற மாதிரி.

இந்தக் கணக்கைச் செய்கிறவர்களை இங்கே 'குவான்ற்' என்கிறார்கள். எஞ்சினியர் இல்லை, டொக்டர் இல்லை, கணக்காளரும் இல்லை. எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் மூன்று பெட்டியிலும் அடங்காத வேலை.

எனக்கு முதல் அதிர்ச்சி, இந்த வேலைக்கு வங்கியியல் படிக்கவேண்டியதில்லை என்பது. "காசைப் பற்றி ஆறு மாதத்தில் படிப்பிக்கலாம், கணிதத்தை ஆறு மாதத்தில் படிப்பிக்கமுடியாது" என்றார் பீற்றர். முதலில் கணிதத்திலோ பௌதிகத்திலோ புள்ளிவிபரவியலிலோ ஒரு பட்டம். அதற்குள் நிகழ்தகவை ஆழமாகப் படிக்கவேண்டும். நாங்கள் பரீட்சைக்கு விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்த அதே பாடம். பிறகு, ஒழுங்கில்லாமல் துள்ளுகிற ஒன்றை வகையிடும் தனி நுண்கணிதம் ஒன்று இருக்கிறது. தாளில் தீர்க்கமுடியாத சமன்பாட்டைக் கொம்பியூட்டரில் துண்டு துண்டாகத் தீர்க்கும் முறை தெரியவேண்டும். 'சி' என்ற நிரல்மொழி வேண்டும். இவ்வளவும் இருந்தால் மாஸ்டர்ஸ் என்கிற முதுமாணிப் படிப்பு ஒன்று. லண்டனில் ஒரு பல்கலைக்கழகம் வேலை செய்கிறவர்களுக்காகப் பின்னேரங்களில் இரண்டு வருடம் நடத்துகிறது.

இதெல்லாம் ஒருவர் சொல்லக் கேட்டு நான் எழுதுவது. உங்கள் பிள்ளைக்கென்று முடிவெடுக்க முதல் இன்னும் இரண்டு பேரைக் கேளுங்கள். ஆனால் தூய கணிதத்தில் ஆசை இருந்தும் எஞ்சினியரிங் கிடைக்கவில்லை என்று மூலையில் இருக்கும் பிள்ளைக்கு, உலகம் அதோடு முடியவில்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

4

எனக்கு அந்த வழியில் பட்டம் மட்டும்தான் இருந்தது. ஊரில் கொம்பியூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் படித்த எங்களுக்கு மின்சாரமே பெரிய இயந்திரம். அதனால் நூல்நிலையத்தில் நடந்த இலவச வகுப்பில் 'சி' படிக்கப் போனேன். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணும் நிரல் முதல்தரம் பிழையில்லாமல் ஓடியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரர் கைதட்டினார்.

பிறகு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். நான் படித்த பாடங்களின் விபரத்தை என் பழைய கம்பஸே முத்திரை குத்தி அனுப்பவேண்டும் என்றார்கள். இங்கத்தைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு இளம்பெண் அன்பாகக் கேட்டாள்:

"அவர்களுக்கு ஒரு ரெலிபோன் எடுத்துக் கேட்கலாமே?"

"ரெலிபோன் வேலை செய்வதில்லை."

"அப்படியானால் ஃபாக்ஸ்?"

"அதற்கும் ரெலிபோன் வேண்டும்."

"கூரியர்?"

"யுத்தத்தால் தரைப்பாதை பூட்டு. கிளாலியில் கடலேரியை வள்ளத்தில் தாண்டவேண்டும். அதுவும் இருட்டில்."

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினாள். "பல்கலைக்கழகம் திறந்துதானே இருக்கிறது?"

"ஓ, திறந்திருக்கிறது. பரீட்சை நடக்கிறது" என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. இப்போது அங்கே படிப்பிக்கிற என் வகுப்புச் சினேகிதி அலைந்து திரிந்து முத்திரை குத்துவித்து, கொழும்புக்கு வந்த யாரோ ஒரு புண்ணியவான் கையில் கொடுத்துவிட்டாள். உறையின் ஒரு மூலை தண்ணீர் பட்டு ஊறியிருந்தது. முத்திரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

5

அண்ணைக்கு இது எதுவும் பிடிக்கவில்லை.

அண்ணை கணக்காளர். என்னைக் கணக்காளர் பரீட்சைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். நானும் சொன்னபடி படித்து, ஒவ்வொன்றாகப் பாஸ் பண்ணி, கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டேன். அது முடிய அவருடைய அலுவலகத்திலேயே எனக்கு ஒரு மேசை. வேறு கதை இல்லை. ஆனால் இரண்டு வகுப்பும் ஒரே பின்னேரங்களில். ஒன்றைப் பிடித்தால் மற்றதை விடவேண்டும்.

அண்ணை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு தொடங்கினார்.

"உனக்கென்ன விசரே? கரைக்கு வந்த வள்ளத்தை ஆராவது திருப்பி ஓட்டுவினமோ?"

"அண்ணை, அதுவும் படிப்புத்தானே."

"எது? சூடு பரவுற படிப்போ? கணக்காளர் எண்டால் சாகுமட்டும் வேலை. கடை திறந்தாலும் வேணும், கடை பூட்டினாலும் வேணும். உந்த ஐஞ்சாம் மாடிக்காரர் ஒரு நாள் விலை விழ எல்லாரும் பெட்டியோடை தெருவிலை நிப்பாங்கள்."

"அதுக்குத்தான் அண்ணை கணக்குப் பார்க்கிறது."

"ஒரு மணித்தியாலத்தைத் துலைச்ச ஆள் நீ. உன்னை நம்பி உவங்கள் கோடி கோடியாய் விடுவாங்களோ?"

இவர் சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அப்போது அகிலன் வந்து, "மாமா, நீ பிஸ்கற் முழுக்கச் சாப்பிட்டிட்டியா?" என்று கேட்டான். அண்ணைக்கு முகம் மாறிவிட்டது.

"பார். மாமனை நீ எண்டு கதைக்கிறான். நீ பின்னேரம் பின்னேரமாய் வகுப்புக்குப் போ. பேந்து உவன் அதையும் இங்கிலிசிலை கேப்பான்."

பகிடி எல்லாம் போய், அது மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் தொடங்கியதிலிருந்து அகிலன் விளையாடுவதும் சண்டை பிடிப்பதும் ஆங்கிலத்தில். நான் வேலையால் வந்து, அவன் படுக்கும்வரை உள்ள நேரம்தான் அவனுக்குத் தமிழ். கணக்காளர் வகுப்புக்காக அவனைப் பக்கத்து வீட்டில் விட்டு, அதில் பாதியை ஏற்கனவே எடுத்துவிட்டேன். ஆனால் அது இந்த வருடத்தோடு முடிந்துவிடும். புதுப் படிப்பென்றால் இன்னும் இரண்டு வருடம். இரண்டு வருடத்தில் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் போய்விடும்?

6

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கதிரையில் கொண்டுபோய் இருத்தியது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்தக் கதிரை இதுதான். எதிரே நரைத்த தலையோடு ஒரு பேராசிரியர். பக்கத்தில் இளம் விரிவுரையாளர், பெண். முதலில் பலகையில் அந்த வெப்பச் சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னார்கள். நான் ஒரு வரி விடாமல் எழுதினேன்.

"இந்த இடங்களைத் தாண்டிப் போகலாம்" என்றார் பேராசிரியர்.

"எங்கள் ஊரில் படிமுறைக்குத்தான் புள்ளி" என்றேன். அவர் இருந்து முழுவதையும் பார்த்தார்.

பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "நீங்களாக எழுதிய நிரல் ஏதாவது இருக்கிறதா?"

எனக்கு ஒன்றுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் வருடப்பிறப்பு நிரலைச் சொன்னேன். ஐந்தரை மணித்தியாலம், நாலரை, நிரல் தரும் இரண்டு விடை, பிறக்காத வருடத்துக்குக் கொடுத்த கைவிசேஷம், கட்டிலுக்குக் கீழே போன மகன், எல்லாம். இரண்டு பேரும் சிரித்தார்கள். சரி, முடிந்தது, அண்ணை சொன்னது சரி என்று நினைத்தேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நிரல் இரண்டு விடை தருகிறது என்றீர்களே, ஏன் இரண்டு?"

"எங்கள் ஊரில் இரண்டு பஞ்சாங்கம். வாக்கியம் என்பது பழைய வாய்பாட்டின்படி கணிப்பது. திருக்கணிதம் என்பது வானத்தில் காண்பதை வைத்துத் திருத்திக் கணிப்பது. வருடம் பிறக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றாக இராது. என் பிறந்த வீட்டில் வாக்கியம், புகுந்த வீட்டில் திருக்கணிதம். லண்டனில் ஒரு வருடம் அது, ஒரு வருடம் இது."

"அப்படியானால் உங்கள் திருமணத்துக்கு யார் நேரம் குறித்தார்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவ்வளவு நாளும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். 1987 ஆவணியில் ஒரு நல்ல நாள் வந்தது; திருக்கணிதக்காரருக்கு மட்டும் நல்லது. என்னைப் பெற்ற ஐயா சம்மதிக்கவில்லை. அடுத்ததை இவருடைய வீட்டார் ஒப்பவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் கூடி, இரண்டு பஞ்சாங்கத்திலும் நல்லதாக உள்ள நாள் வரும்வரை பொறுப்பது என்று முடிவாயிற்று. அந்த நாள் ஐப்பசியில் வந்தது. ஐப்பசியில் ஊருக்குள் ஆமிச் சண்டையும் வந்தது.

"காத்திருந்ததற்கு என்ன விலை கொடுத்தீர்கள்?" என்று பேராசிரியர் கேட்டார்.

ஒன்றுமில்லை, பிறகு கலியாணம் நடந்ததுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. கலியாணம் தை மாதம் நடந்தது. இவர் தன் ஊரான தொண்டைமானாற்றிலிருந்து ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றி வந்தார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தது மாப்பிள்ளையும் ஒரு சைக்கிளும்தான். தாலி கட்டுவதை இவரைப் பெற்ற மாமி பார்க்கவில்லை. கூறைச்சேலையை வாங்கி வைத்துக்கொண்டு அங்கே இருந்தார். இப்போதும் கடிதம் எழுதினால், கலியாணப் படம் இருந்தால் அனுப்பு என்று ஒரு வரி எழுதுவார். படம் எடுக்க ஆளும் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இதை என் ஆங்கிலத்தில் எவ்வளவு சொன்னேனோ தெரியாது.

"தை மாதம் அந்த நேரத்தை எந்தப் பஞ்சாங்கம் சொன்னது?" என்று பேராசிரியர் மெதுவாகக் கேட்டார்.

"எதுவும் சொல்லவில்லை. ஊரடங்கு எத்தனை மணிக்குத் தளரும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதுதான் எங்கள் முகூர்த்தம்."

பேராசிரியர் பேனையை மேசையில் வைத்தார். "இரண்டு கணிப்பு, இரண்டும் ஒத்துப்போகக் காத்திருந்த செலவு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஊரடங்கு. முதலாம் தவணை முழுக்க நாங்கள் படிப்பிக்கப்போவது இதைத்தான், விளங்குகிறதா?"

"ஓம்" என்றேன். பதற்றத்தில் 'ஆம்' என்பது ஊர்த் தமிழிலேயே வந்துவிட்டது. அந்தப் பெண் நான் தியானம் செய்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும், மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்தினாள்.

7

ஒரு புதன்கிழமை ரெலிபோனில் சொன்னார்கள்: இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பின்னால் வேறொருவர் காத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்கு முன்னம் பதில் வேண்டும். பீற்றரிடம் சொன்னேன். நான் அந்த வகுப்பில் சேர்ந்தால் ஐந்தாம் மாடியில் ஒரு சின்ன மேசை கேட்டுப் பார்க்கலாம் என்றார். நான் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப்போய், திரும்பி நடந்து வந்தேன். நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினேன்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் பயம் பிடித்துவிட்டது. அண்ணைக்கு எடுத்தேன். அவர் இந்த முறை சத்தம் போடவில்லை.

"நான் உனக்குக் கூடாதது சொல்லுவனோ பிள்ளை? பாஸ் பண்ணிப்போட்டு, பேந்து உதைப் படியன்."

"இடம் அதுவரைக்கும் நிக்காது அண்ணை."

"அப்ப எனக்குத் தெரியாது. நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்."

இவரைக் கேட்டேன். "நீர் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்" என்றார். அது எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

"இஞ்சேருங்கோ, உப்பிடிப் பொதுவாய்ச் சொல்லாதேங்கோ. ஓமோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ."

"நான் ஓம் எண்டால், அண்ணையும் ஓம் எண்டு சொல்லுமட்டும் பார்த்துக்கொண்டிருப்பீர். அண்ணை ஓம் எண்டால், ஊரிலை ஐயா என்ன சொல்லுறார் எண்டு கடிதம் எழுதுவீர். கடிதம் வள்ளத்திலை போய் வரவேணும்."

எனக்குச் சுருக்கென்றது. பேராசிரியருக்கு முன்னால் அவ்வளவு அழகாகச் சொன்ன கதையை நான் வீட்டில் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

"அகிலன்?" என்றேன். "பின்னேரத்திலை ஆர்?"

"நான் விடியப்புறச் சிப்டுக்கு மாற்றிக் கேட்டிட்டன். நேற்றே கேட்டாச்சு. பின்னேரம் நான் நிப்பன்."

"அது இல்லை. அவன்ரை தமிழ்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் நான் உம்மோடை கதைச்சது என்ன பாசை?"

சிரித்துவிட்டேன். சிரித்தாலும் அன்றிரவும் அடுத்த இரவும் நித்திரை இல்லை. பிள்ளையின் நேரத்தை எடுத்து என் ஆசைக்குக் கொடுக்கிறேனோ? அண்ணை இல்லாவிட்டால் இந்த ஊரில் நாங்கள் ஒரு அறை கூடப் பிடித்திருக்கமாட்டோம். அவருக்கு நான் செய்வது இதுவா? ஐந்தாம் மாடியில் என் ஆங்கிலம் போதுமா? இதற்கு நேராக, நெஞ்சுக்குள் வேறொன்று துள்ளிக்கொண்டிருந்தது. துள்ளுகிறதை வகையிடப் படிக்கப்போகிறவளுக்கு அதை அடக்க முடியவில்லை.

8

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். அகிலனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து வீட்டைக் கூட்டினேன். கூட்டின வீட்டைத் திரும்பக் கூட்டினேன். சாமிக்குப் பூ வைத்தேன். ரெலிபோனுக்குப் பக்கத்தில் போய், அங்கே இருந்த தூசியையும் துடைத்தேன். இவர் கதிரையில் பேப்பரை விரித்தபடி இருந்தார். மணி பதினொன்று தாண்டிவிட்டது.

அண்ணைக்கு இன்னொருதரம் எடுத்துப் பார்ப்போமா என்று நினைத்தேன். கை ரெலிபோனுக்குப் போயும் விட்டது. எந்த எண்ணை அழுத்தப் போகிறேன் என்று எனக்கே தெரியாமல் நின்றபோது இவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"இஞ்சேர், ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லுங்கோ."

"வெள்ளிக்கிழமை. பத்தரையிலை இருந்து பன்னிரண்டு மட்டும் ராகுகாலம்."

நான் ரெலிபோனைப் பிடித்தபடி திரும்பினேன். "எந்தப் பஞ்சாங்கத்திலை?"

"ரெண்டிலையும்தான்."

அவர் முகத்தைப் பார்த்தேன். பேப்பருக்கு மேலால் கண் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்கு முன் பதில் சொல்லவேண்டும், பன்னிரண்டுவரை ராகுகாலம். கலியாணம் பேசின நாளிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுப் பஞ்சாங்கமும், கூடாத நேரம் என்றாலும், ஒரு சண்டையும் இல்லாமல் ஒத்துப்போன நேரம் எனக்குத் தெரிய இதுதான். இனி எதற்குக் காத்திருப்பது?

பல்கலைக்கழகத்து எண்ணை அழுத்தினேன். கிளாலிக் கதை கேட்ட அதே இளம்பெண்தான் எடுத்தாள். என் பெயரைச் சொன்னதும் அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

"காத்துக்கொண்டிருந்தோம். இடத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா?"

"ஓம்" என்றேன். பிறகு அவளுக்கு விளங்குகிற பாசையிலும் சொன்னேன்.